மீன் நலம், கடல் சாமந்தி மட்டும் ஏன் சுருங்குகிறது?

கேள்வி:

திட்டக்குடி பக்கம் மங்களூரிலிருந்து எழுதுகிறேன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் சூளைப் பொறுப்பு பார்க்கிறேன். கப்பி, கோல்ட் ஃபிஷ் எல்லாம் வளர்த்த பழக்கம் பல வருடமாக உண்டு. மகள் ஆசைப்பட்டாள் என்று இந்த முறை மூன்றடித் தொட்டி ஒன்றை உப்புநீர்த் தொட்டியாக அமைத்தேன். சுமார் 150 லிட்டர் பிடிக்கும். கடைக்காரர் கொடுத்த கடல் உப்பை வீட்டு ஆர்ஓ தண்ணீரில் கரைத்தேன். பாறைக்குப் பதிலாக எங்கள் யூனிட்டில் கழித்துப்போட்ட இன்சுலேட்டர், பியூஸ் கேரியர், கிளேஸ் போட்ட பொம்மைத் துண்டு இவற்றை அடுக்கிக் குகை மாதிரி செய்தேன். ஐந்து வாரம் ஓடவிட்ட பிறகு சென்னையிலிருந்து இரண்டு கோமாளி மீனும், நல்ல மஞ்சள் நிறத்தில் ஒரு அனிமோனும் (கடல் சாமந்தி) வாங்கி வந்தேன். மீன்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன. அனிமோன் முதல் நாள் விரிந்தது, அதன் பிறகு சுருங்கிவிட்டது. இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. வாய் திறந்தபடி இருக்கிறது. மீன்கள் அதன் பக்கமே போவதில்லை. இது பிழைக்குமா? செராமிக் துண்டுகளில் ஏதாவது கோளாறா? பரங்கிப்பேட்டை போய்க் கடல்நீரையே எடுத்துவந்து ஊற்றினால் சரியாகுமா? எங்கள் ஊர்ப் பக்கம் சித்திரை வெயில் தாங்காது, அதற்கு என்ன ஏற்பாடு செய்வது?

ஒரு வாசகர், மங்களூர், கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இந்தப் பதிலை முழுவதும் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பியூஸ் கேரியர்களையும், உலோகம் ஒட்டியிருக்கும் எந்தத் துண்டையும் முதலில் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டு வாருங்கள்.

மீன் நன்றாகச் சாப்பிடுகிறது, அனிமோன் மட்டும் சுருங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். நீரில் அமோனியா ஏறியிருந்தால் மீனும் மேலே வந்து மூச்சு வாங்கும். ஆக்சிஜன் குறைந்தாலும் அப்படித்தான். மீனை விட்டுவிட்டு, முதுகெலும்பில்லாத உயிர்களை மட்டும் வாட்டுகிற பொருள் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செம்பு. கடல் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வரும்போது அவற்றைத் தனித் தொட்டியில் விட்டுச் செம்பு மருந்து கொடுப்பது வழக்கம். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு இருக்கும் நீரில் மீன் வாழும், ஒட்டுண்ணி சாகும். அதே நீரில் அனிமோன், இறால், நத்தை, பவளம் எதுவும் தாக்குப்பிடிக்காது. அதைவிட மிகக் குறைந்த அளவே அவற்றுக்குப் போதும்.

பியூஸ் கேரியர் உங்கள் கையில் தினமும் புழங்கும் பொருள். அதன் பீங்கான் உடம்பில் பித்தளை அல்லது செம்புத் தொடுமுனை பூட்டுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பித்தளையிலும் பெரும்பங்கு செம்புதான். உப்புநீரில் அது அரிக்கும், பச்சை பூக்கும், கரையும். கழித்துப்போட்ட துண்டுகள் என்பதால் பலவற்றில் தொடுமுனையே பூட்டாமல் இருந்திருக்கலாம். 150 லிட்டர் நீரைக் கெடுக்க ஒரே ஒரு துண்டில் இருந்தாலும் போதும்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். உங்கள் வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் மேல் ‘காப்பர்’ என்று எழுதியிருக்கிறதா? இப்போது விற்பனையாகும் பல இயந்திரங்கள் குடிப்பவருக்கு நல்லது என்று வடிகட்டிய நீரில் செம்பைச் சேர்த்தே தருகின்றன. மனிதனுக்கு அந்த நீரால் கெடுதல் இல்லை. கடல் சாமந்திக்கு அது விஷம். செம்புக் குடத்தில், தவலையில் பிடித்து வைத்த நீரும் அப்படியே. அந்த வகை இயந்திரமாக இருந்தால், செம்பு சேரும் கட்டத்துக்கு முன்பே நீரைப் பிரித்தெடுக்க முடியுமா என்று சர்வீஸ் செய்பவரைக் கேளுங்கள். ‘டிடிஎஸ் கண்ட்ரோலர்’ என்ற திருகு ஒன்றும் இருக்கும். சுவைக்காகக் கொஞ்சம் போர் தண்ணீரை மறுபடி கலந்துவிடுவது அதன் வேலை. மீன்தொட்டிக்குப் பிடிக்கும்போது அதை முழுவதும் மூடிவிட வேண்டும்.

செம்பைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் கிட் கடல் மீன் கடைகளில் கிடைக்கும், வாங்கிப் பாருங்கள். முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். செம்பு கலக்காத நீரில் உப்பைக் கரைத்து, ஒரு நாள் காற்றுக்குழாய் போட்டு ஓடவிட்டு, தொட்டி நீரின் அதே உப்பளவுக்கும் வெப்பத்துக்கும் கொண்டுவந்து, நாள் விட்டு நாள் கால்பங்கு நீரை மாற்றுங்கள். புதிய ஆக்டிவேட்டட் கார்பனை ஒரு துணிப்பையில் கட்டி நீரோட்டம் படும் இடத்தில் வையுங்கள். செம்பை உறிஞ்சவே தனி ரெசின் ஊடகங்களும் உண்டு, கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். தொட்டி அடியில் பவள மணல் போட்டிருந்தால் அது செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல வெளியிடும். ஆகவே ஒரு முறை சோதித்துப் பூஜ்யம் வந்துவிட்டது என்று நிறுத்திவிடாமல் சில வாரங்கள் தொடர்ந்து பாருங்கள்.

இனி அந்த மஞ்சள் நிறம். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. உடம்பு முழுவதும் ஒரே சீராக எலுமிச்சை மஞ்சளாகவோ பளிச்சென்ற ரோஸாகவோ இருக்கும் அனிமோன் பெரும்பாலும் சாயம் ஏற்றியதாக இருக்கும். ஆரோக்கியமான கடல் சாமந்தி பழுப்பு, தவிட்டு நிறம், மங்கிய பச்சை இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். சிலவற்றுக்கு நுனியில் மட்டும் ஊதாவோ பச்சையோ ஏறியிருக்கும். அந்தப் பழுப்பு அதன் சொந்த நிறமே இல்லை. சூசாந்தெல்லே என்னும் ஒற்றைச் செல் பாசிகள் அதன் திசுக்களுக்குள் வாழ்கின்றன. பகலில் அவை வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை தயாரித்து, பெரும்பங்கை அனிமோனுக்குக் கொடுக்கின்றன. பிடித்த இடத்திலிருந்து கடைக்கு வரும்வரை இருட்டிலும் சூட்டிலும் அழுக்கு நீரிலும் கிடந்த அனிமோன் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது அது வெள்ளையாகிவிடும். வெள்ளையை வாங்க ஆளில்லை என்பதால் சாயத்தில் முக்கி எடுத்து விற்கிறார்கள். உள்ளே சமையல்காரர் எல்லோரும் போன பிறகு வாசலுக்கு வர்ணம் அடித்த உணவகம் போன்றது அது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வரும்போதே அது பசியோடுதான் வந்திருக்கிறது. வந்த இடத்தில் செம்பும் இருந்திருந்தால் இரண்டாவது அடி. பிழைக்குமா என்று கேட்டீர்கள். பாதம் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால், நுனிவிரலால் மெதுவாகத் தொடும்போது உணர்கொம்புகள் கொஞ்சமாவது ஒட்டினால், நம்பிக்கை உண்டு. (தொட்ட கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள், நன்றாகக் கழுவுங்கள். அந்த ஒட்டல் ஆயிரக்கணக்கான நுண்ணிய கொட்டும் இழைகளால் வருவது.) வாய் ஓயாமல் பிளந்திருக்கிறது, உள்ளிருக்கும் திசு வெளியே தள்ளுகிறது, பாதம் எதிலும் பிடிக்காமல் நீரோட்டத்தில் உருளுகிறது, தொட்டால் கூழாகப் பிரிகிறது, அழுகல் நாற்றம் வருகிறது என்றால் காத்திருப்பதில் பயனில்லை. உடனே எடுத்துவிடுங்கள். அந்த அளவு சதை ஒரே இரவில் அழுகினால் அமோனியா ஏறி மீன்களும் போய்விடும்.

நாளுக்கு ஓரிரு முறை சுருங்கி மறுபடி விரிவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதற்கு ஒரே ஒரு திறப்புதான், வாயும் கழிவு வாயிலும் அதுவே. பழைய நீரையும் கழிவையும் வெளியேற்றி, புதிய நீரை நிரப்பிக்கொள்ள அது இப்படிச் சுருங்கித்தான் ஆக வேண்டும். வாயிலிருந்து பழுப்பு நாரைப்போல ஏதாவது வந்தாலும் அது கழிவுதான். நாள் முழுக்கச் சுருங்கியே கிடப்பதும், இடம் மாறிக்கொண்டே இருப்பதும்தான் கவனிக்க வேண்டியவை. அலைகிறது என்றால் வெளிச்சமோ நீரோட்டமோ நீரின் தன்மையோ ஒத்துவரவில்லை, வேறு இடம் தேடுகிறது என்று பொருள். அந்தத் தேடலில் பவர்ஹெட் என்னும் நீரோட்டப் பம்பின் உறிஞ்சு வாயில் போய் மாட்டிக்கொண்டு சிதைந்து சாகும் அனிமோன்கள் ஏராளம். பவர்ஹெட்டுக்கும் ஃபில்டர் வாய்க்கும் இன்றே ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டுங்கள்.

பாசி இழந்த அனிமோனைத் தேற்றுவதற்குச் சிறிய இரை, அடிக்கடி, என்பதுதான் வழி. பச்சை இறாலைத் தோலுரித்து, நன்றாகக் கழுவி, கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்கி, வாயருகே உணர்கொம்பில் மெல்ல வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு துண்டு போதும். பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது. மறுநாள் அப்படியே துப்பினால் எடுத்துப் போட்டுவிட்டு, மூன்று நாள் விட்டு இன்னும் சிறியதாகக் கொடுங்கள். திணிக்கக் கூடாது. மீன்கள் வந்து வாயிலிருந்து பிடுங்கும் என்பதால் அவற்றுக்கு முதலில் தீனி போட்டுவிடுங்கள். வெளிச்சத்தைக் குறைவாகத் தொடங்கி வாரம் வாரம் சிறிது கூட்டி, நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வரை கொண்டுபோங்கள். பழுப்பு திரும்ப மாதங்கள் ஆகும். நன்றாகத் தேறிய அனிமோனுக்கு வாரம் ஒரு முறை தீனி போதுமானது.

உங்கள் தொட்டிக்கு ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்து வாரத்தில் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கும். கோமாளி மீனுக்கு அது போதும். அனிமோனுக்குப் போதாது. புதிய தொட்டியில் முதலில் பழுப்புப் பாசி படரும், பிறகு பச்சை மயிர்ப்பாசி வரும், நீரின் தன்மை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். இந்த ஆட்டம் அடங்கக் குறைந்தது ஆறு மாதம் ஆகிறது. அனிமோன் விட நினைப்பவர்கள் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: ஆறு மாதம் அந்தத் தொட்டியில் மீனை மட்டும் வைத்து நடத்துங்கள். கோமாளி மீனுக்கு அனிமோன் கட்டாயம் என்பது கடலில் உண்மை. அனிமோன் இல்லாமல் அங்கே வேட்டை மீன்கள் கோமாளியை விட்டுவைக்காது. வேட்டையாட யாருமில்லாத உங்கள் தொட்டியில் அது ஆயுள் முழுக்க அனிமோன் இல்லாமலே நன்றாக வாழும், ஜோடி சேரும், முட்டையும் இடும். மகளிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டில் பெரியது பெண், சிறியது ஆண் என்பதையும், பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் தொடங்குகின்றன.

மீன்கள் அனிமோன் பக்கம் போகாததற்கு அதன் நோய் மட்டும் காரணமாக இருக்காது. எந்தக் கோமாளி எந்த அனிமோனில் தங்கும் என்று கடலில் ஒரு கணக்கு இருக்கிறது. கோமாளி மீன்களை ஏற்றுக்கொள்ளும் அனிமோன்கள் உலகில் பத்து இனம்தான். நம் மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கம் மணலில் விரிந்து கிடக்கும் கம்பள அனிமோனில் செபே என்ற கோமாளி வாழும். கடைகளில் அதிகம் விற்கும் ஆரஞ்சு நிற ஒசெல்லாரிஸ், கடலில் அந்தக் கம்பள இனத்தைத் தேடிப் போவதில்லை. உங்களுடையது கம்பள இனமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அது பாதத்தைப் புதைத்துக்கொள்ள நாலைந்து அங்குல ஆழத்துக்கு மணல் வேண்டும், நன்றாக வளர்ந்தால் இரண்டடி அகலத்துக்கு விரியும், கிட்டே வரும் மற்ற மீன்களைப் பிடித்துத் தின்றுவிடும். மூன்றடித் தொட்டி அதற்குப் போதாது.

வாழ்நாள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல ஆசை. 1828இல் ஸ்காட்லாந்தில் நார்த் பெரிக் கடற்கரையில் சர் ஜான் கிரஹாம் டாலியல் என்ற இயற்கையியலாளர் ஒரு சிறிய சிவப்பு அனிமோனை எடுத்துவந்து கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். அவர் 1851இல் இறந்தார். அனிமோன் கை மாறிக் கை மாறி, எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் வாழ்ந்து 1887இல்தான் இறந்தது. எல்லோரும் அதைப் ‘பாட்டி’ என்றே அழைத்தார்கள். பம்பு, விளக்கு, ஹீட்டர் எதுவும் இல்லை. கடல்நீரை ஓயாமல் மாற்றினார்கள், சிப்பிச் சதையைச் சிறு துண்டுகளாகக் கொடுத்தார்கள். அது பாறைக் குட்டைகளில் வாழும் இனம், உள்ளே பாசி கிடையாது, வெளிச்சம் வேண்டாம். அதனால் ஜாடி வாழ்க்கை சாத்தியமாயிற்று. நீங்கள் வாங்கும் வெப்பக் கடல் அனிமோனுக்கு அந்த ஜாடி ஒத்துவராது. ஆனால் இந்த உயிருக்கு மூப்பு என்று வெளிப்படையாக எதுவும் தெரிவதில்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டால் வளர்ப்பவரையும் தாண்டி வாழும் என்பதைப் பாட்டி காட்டிவிட்டாள். சில வாரத்தில் செத்துப்போவதுதான் அனிமோனின் இயல்பு என்று கடைகளில் சொல்வதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

இனி உங்கள் செராமிக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது இந்தப் பகுதிதான்.

பவளப் பாறை வேண்டும் என்று தொட்டிக்காரர்கள் எல்லோரும் அலைகிறார்கள். நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடல் விசிறியும் அப்படியே. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்து கிடந்தாலும் எடுப்பது, விற்பது, வைத்திருப்பது குற்றம். அப்படிச் சட்டம் வரக் காரணம் இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புச் சூளைக்கு ஏற்றினார்கள். 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. ஆகவே யாராவது பவளக் கல் மலிவாகத் தருகிறேன் என்று சொன்னால் வாங்காதீர்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை, சூளை கையில் இருக்கிறது.

பாறை தொட்டியில் செய்யும் வேலை, பாக்டீரியாவுக்கு வீடாக இருப்பது. அதற்கு நுண்துளை வேண்டும். இன்சுலேட்டர் பீங்கானை நீங்கள் 1250 டிகிரிக்கு மேல் சுட்டுக் கண்ணாடிபோல இறுக்கிவிடுகிறீர்கள். மின்சாரத்துக்கு அது சரி. நீர் உள்ளே போகாத அந்த உடம்பில் பாக்டீரியா வெளித்தோலில் மட்டும்தான் ஒட்டும். தொட்டிக்கு நான் கேட்பது இதற்கு நேர் எதிரானது. ஃபயர்கிளேயில் கொரகொரப்பான க்ராக் (சுட்டுப் பொடித்த மண்) தாராளமாகச் சேருங்கள். சலித்த மரத்தூளோ அரைத்த உமியோ அதோடு பிசையுங்கள். சூளையில் அது எரிந்து போன இடமெல்லாம் துளையாகும். கிளேஸ் வேண்டாம். பிஸ்கட் சூட்டோடு, 1000 டிகிரி சுற்றில் நிறுத்துங்கள். கையில் எடுத்து நீரில் போட்டால் குமிழி விட்டுக்கொண்டு நீரைக் குடிக்க வேண்டும், அதே நேரம் நகத்தால் கீறினால் உதிரக் கூடாது. எத்தனை டிகிரியில் அந்த இடம் வரும் என்பதை உங்கள் மண்ணை வைத்து நீங்கள்தான் சொல்ல முடியும்.

வண்ணக் கிளேஸ் போட்ட பொம்மைத் துண்டுகளை விட்டுவிடுங்கள். பச்சைக்கும் நீலப்பச்சைக்கும் செம்பு ஆக்சைடு, நீலத்துக்குக் கோபால்ட், குறைந்த சூட்டு ஃபிரிட் சிலவற்றில் ஈயம் என்று உங்களுக்கே தெரியும். நன்றாக முதிர்ந்த வெள்ளைக் கிளேஸில் அநேகமாக ஒன்றும் கசியாது. ஆனாலும் வருடக்கணக்கில் உப்புநீரில் ஊறும் பொருளுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க நான் தயாரில்லை. செம்புக் கிளேஸ் வேகும் அதே சுமையோடு தொட்டிப் பாறையையும் ஏற்ற வேண்டாம், சூட்டில் செம்பு ஆவியாகிப் பக்கத்துத் துண்டின்மேல் படியும். அச்சிலிருந்து வந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் துணுக்கு மண்ணில் கலந்துவிடாமல் பாருங்கள். கூர் முனை எதுவும் இருக்கக் கூடாது, அனிமோனின் பாதம் கிழிந்தால் ஆறுவது கடினம். பாறையில் இரண்டு விரல் நுழையும் குழிகளும், அடியில் சாய்ந்த பொந்துகளும் விடுங்கள். நான் பிறகு சொல்லப்போகும் குமிழி அனிமோன் தன் பாதத்தை அப்படிப்பட்ட பொந்தில்தான் ஒளித்துவைக்கும். பிடித்த பொந்து கிடைத்துவிட்டால் வருடக்கணக்கில் அங்கேயே இருந்துவிடும். சுட்டு வந்த பாறையை ஆர்ஓ நீரில் மூன்று நான்கு வாரம் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே வந்து, கடைசி நீரில் செம்பு டெஸ்ட் செய்து பார்த்த பிறகு தொட்டியில் வையுங்கள். மணல் கொட்டுவதற்கு முன்பே பாறையைத் தொட்டியின் அடித்தளத்தில் உட்கார வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் மணல் நகர்ந்து சரியும்.

விருத்தாசலத்தில் பொம்மையும் அகலும் செய்யும் அதே கைகள் இதைச் செய்தால், சென்னையிலும் பெங்களூரிலும் வாங்கும் ஆட்கள் இருப்பார்கள். கடலிலிருந்து ஒரு கல்லும் எடுக்காமல் நடத்தக்கூடிய தொழில் இது. விருத்தாசலம் செராமிக் கல்லூரியில் யாராவது இதை எடுத்துச் செய்தால் மிகவும் நன்றாக இருக்கும்.

பரங்கிப்பேட்டை நீர் பற்றிக் கேட்டீர்கள். திட்டக்குடி, பெண்ணாடம் வழியாக ஓடும் உங்கள் வெள்ளாறு, விருத்தாசலத்து மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு அங்கேதான் கடலில் கலக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அந்தக் கழிமுகக் கரையில்தான் இருக்கிறது. மகளை அங்கே ஒருமுறை அழைத்துப் போங்கள், அனுமதி பெற்றால் அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். ஆனால் முகத்துவாரத்தில் கேன் நிரப்பி வர வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளாறு பெருகினால் அங்கே உப்பு அடியோடு குறைந்துவிடும். கோடையில் கடலளவுக்கு ஏறும். அனிமோனுக்கு வேண்டியது ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது 1.025 அல்லது 1.026 ஒப்படர்த்தி, எல்லா நாளும். அன்னங்கோயில் மீன்பிடித் தளத்துக்கு அருகில் படகு டீசல் வேறு நீரில் படலமாக மிதக்கும். வயல்களில் அடித்த பூச்சிமருந்தும் ஆற்றோடு வந்துசேரும். அவ்வளவு தூரம் போய்ச் சந்தேகத்தோடு நீர் சுமந்து வருவதைவிட, நல்ல கடல் உப்பும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்குவது மேல். உப்புக் கலவையை எடை போட்டுக் கரைத்த பிறகும் அளந்துதான் ஊற்ற வேண்டும். மிதவை முள் வைத்த பிளாஸ்டிக் அளவியை நம்பாதீர்கள், முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். அமிலக் காரத்தன்மை 8.1 முதல் 8.3, அல்கலினிட்டி 8 முதல் 11 dKH, நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள், அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்: இவ்வளவு இருந்தால் போதும். எண்ணைத் துரத்தி நாளும் ஒரு திரவம் ஊற்றுவதைவிட, வாரம் 15 லிட்டர் நீர் மாற்றுவது நிலைத்த பலன் தரும்.

வெயில்தான் உங்கள் ஊரில் பெரிய சோதனை. அனிமோனுக்கு 25 முதல் 27 டிகிரி சுகம். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் உள்ளிருக்கும் பாசிகளை வெளியேற்றத் தொடங்கிவிடும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தது இதே காரணத்தால்தான். சில்லர் விலை அதிகம், மின்சாரமும் இழுக்கும். வாங்க முடிந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். முடியாவிட்டால் உங்கள் ஊரின் வறண்ட காற்று கைகொடுக்கும். கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மின்விசிறியால் பெரிய பயன் இல்லை. மங்களூர் உள்நாடு. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்ப்பரப்பின் குறுக்கே சிறிய விசிறி ஒன்றை ஓடவிட்டால் நீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தொட்டியை மாடி அறையில் வைத்திருந்தால் கீழே இறக்குங்கள். வெயில் காயும் கான்கிரீட் கூரைக்கு அடியில் எந்த ஏற்பாடும் நிற்காது. விளக்கு எரியும் நேரத்தைப் பகலிலிருந்து மாலைக்கு மாற்றுங்கள்.

விசிறி ஓடினால் நீர் வேகமாக வற்றும். உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவை நன்னீரால்தான், செம்பு கலக்காத ஆர்ஓ நீரால்தான், நாள்தோறும் நிரப்ப வேண்டும். உப்புநீரை ஊற்றி நிரப்பினால் ஒரே வாரத்தில் உப்பு ஏறிவிடும். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடுவரை ஊற்றும் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். மின்வெட்டுக்கு, பேட்டரியில் தானே ஓடத் தொடங்கும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். மதிய நேரத்தில் நீண்ட வெட்டு வந்தால், மூடி இறுக்கிய பாட்டிலில் உறையவைத்த நீரை மிதக்கவிடலாம். ஒரே தடவையில் பல பாட்டில் போட்டு வெப்பத்தைச் சட்டென்று இறக்கிவிடாதீர்கள்.

இப்போதுள்ளது பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், அடுத்ததை எங்கே வாங்குவது என்ற கேள்வி வரும். கடலிலிருந்து பிடித்து வந்ததை வாங்க வேண்டாம். கடலில் ஒரு அனிமோனைப் பெயர்த்தெடுத்தால் அதில் குடியிருக்கும் கோமாளிக் குடும்பத்துக்கே புகலிடம் போய்விடும், அந்த இடம் மறுபடி நிரம்ப நெடுங்காலம் ஆகும். குமிழி அனிமோன் தொட்டியில் தானாகவே இரண்டாகப் பிளந்து பெருகும் இனம். சென்னை, பெங்களூரு தொட்டிக்காரர்களிடம் அப்படிப் பிளந்து வந்த கன்றுகள் கிடைக்கும். புதியவர்களுக்கு அந்த ஒரு இனத்தைத்தான் நான் சொல்வேன், உங்கள் 150 லிட்டருக்கும் அது பொருந்தும், ஒசெல்லாரிஸும் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளும். மீனிலும் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். பரங்கிப்பேட்டையிலும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை நம் ஆட்களே உருவாக்கியிருக்கிறார்கள்.

சென்னையில் கொளத்தூர் மீன் கடைகளுக்கே போய் வாங்குவதாக இருந்தால் அனிமோன் கண்ணாடியிலோ கல்லிலோ பிடித்திருக்கிறதா, வாய் மூடியிருக்கிறதா, உங்கள் கண்முன் ஒரு துண்டு இறாலைப் பிடித்துத் தின்கிறதா என்று பாருங்கள். தரையில் கவிழ்ந்து கிடப்பதை வாங்காதீர்கள். கல்லிலிருந்து பிடுங்கி எடுக்கும்போது பாதம் கிழியாமல் இருக்க, முடிந்தால் ஒட்டியிருக்கும் சிறு கல்லோடு சேர்த்தே கேளுங்கள். எழும்பூரிலிருந்து விருத்தாசலம் சந்திப்புக்கு ரயிலில் நாலு மணி நேரம், பிறகு ஊருக்கு பஸ். தெர்மோகோல் பெட்டியில் வைத்து, இரவு வண்டியில் வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பையில் இருக்கும் அனிமோனை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு மாற்றி, உங்கள் தொட்டி நீரை மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விடுங்கள். கடைநீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அங்கே மீனுக்கு என்ன மருந்து போட்டிருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அனிமோனை மட்டும் கையுறை போட்ட கையால் எடுத்து, நீங்கள் செய்த பாறையின் பொந்தருகே வையுங்கள். அது பிடித்துக்கொள்ளும்வரை பவர்ஹெட்டை நிறுத்தி, காற்றுப் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். முதல் மூன்று நாள் தீனி கொடுக்க வேண்டாம்.